ஒரே பாட்டில், இரண்டு விடை: ஒரு பழைய பென்சைல் ஆல்கஹாலின் கதை

கரிமப் பகுப்பாய்வு செய்முறைத் தேர்வு முடிந்து தாள்களை அடுக்கியபோதுதான் கவனித்தேன். 7ஆம் எண் பொருள் இரண்டு பேருக்குப் போயிருந்தது. ஜன்னலோர மேசை மாணவி ‘அரோமேட்டிக் ஆல்டிஹைடு, பெரும்பாலும் பென்சால்டிஹைடு’ என்று முடித்திருந்தார். கதவோர மேசை மாணவர் ‘ஆல்கஹால்’ என்று முடித்திருந்தார். இருவருக்கும் குப்பி நிரப்பிக் கொடுத்தது நான். இரண்டையும் ஊற்றியது ஒரே பாட்டிலிலிருந்து. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டு பென்சைல் ஆல்கஹால் என்றது.

விடைக்குறிப்பின்படி மாணவருக்கு முழு மதிப்பெண், மாணவிக்குப் பாதிகூடத் தேறாது. அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மாணவியின் தாளில், ஆல்டிஹைடு, கீட்டோன்களைக் கண்டறியும் டி.என்.பி. சோதனையைப் பற்றிய ஒரு வரி உறுத்தியது: ‘டி.என்.பி. சேர்த்ததும் கலங்கியது, அரை நிமிடத்தில் ஆரஞ்சு வீழ்படிவு.’ பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிறவர்கள் நேரம் எழுதுவதில்லை. பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். பென்சால்டிஹைடுக்கே உரிய பாதாம் எண்ணெய் வாசனை தெளிவாகவே அடித்தது. தேர்வன்று காலையில் இரண்டு குப்பியில் ஊற்றியபோது அதை நான் முகர்ந்திருக்க வேண்டும். சீட்டைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

தாள்களில் இருந்தவை

மாணவி முறைப்படி போயிருந்தார். சோடியம் பைகார்பனேட்டில் நுரைப்பு இல்லை, ஆகவே அமிலம் இல்லை. டி.என்.பி. (2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசலை ஆய்வகத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, புத்தகத்தில் பிராடி வினைபொருள் என்றிருக்கும்) ஆரஞ்சு வீழ்படிவு தந்தது, ஆகவே கார்பனைல் (ஆல்டிஹைடிலும் கீட்டோனிலும் இருக்கும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) உண்டு. ஷிப் வினைபொருள் மெல்ல இளஞ்சிவப்பானது, டாலன்ஸ் வெள்ளி ஆடி காட்டியது, ஆகவே கீட்டோன் அல்ல, ஆல்டிஹைடு. பெலிங் கரைசல் சிவக்கவில்லை, ஆகவே அலிபாட்டிக் (பென்சீன் வளையம் இல்லாதது) அல்ல, அரோமேட்டிக் (வளையம் உள்ளது). கார்பனைல் கிடைத்துவிட்டதால் ஆல்கஹாலுக்கான சோதனை எதையும் அவர் தொடவில்லை. பாடநூல் காட்டும் வழியும் அதுதான்.

மாணவரின் தாள் வேறு ரகம். சிறு துண்டு சோடியம் போட்டார், குமிழி வந்தது. செரிக் அம்மோனியம் நைட்ரேட் மஞ்சளிலிருந்து சிவப்பானது. அமில டைகுரோமேட் ஆரஞ்சிலிருந்து பச்சையானது. பெலிங் சிவக்கவில்லை, ‘ஆகவே ஆல்டிஹைடு இல்லை’. டி.என்.பி. செய்யவே இல்லை.

இப்போது இதை நிதானமாகப் பார்த்தால் வேடிக்கை புரியும். மாணவர் ஆல்டிஹைடை விலக்கியது பெலிங்கை வைத்து. பென்சால்டிஹைடும் பெலிங்கில் சிவக்காது. அவர் கையில் இருந்தது சுத்தமான பென்சால்டிஹைடாகவே இருந்திருந்தாலும் அந்த வரியை அப்படியேதான் எழுதியிருப்பார். சோடியம் குமிழி விடுவதற்கு ஆல்கஹால் தேவையில்லை. உலர்த்தாத குழாயின் ஈரமே போதும். டைகுரோமேட்டோ ஆல்டிஹைடிலும் பச்சையாகும். நான்கு சோதனையில் மூன்று அவர் முடிவைத் தாங்கவில்லை. செரிக் சோதனை ஒன்றுதான் உண்மையில் ஆல்கஹாலைச் சுட்டியது. மாணவியின் தாளிலோ கண்ணி எதுவும் அறுபடவில்லை. தர்க்கம் சரியாக இருந்தவரின் விடை தவறு, தர்க்கம் நொண்டியவரின் விடை சரி. இந்த நிலையில் மதிப்பெண் போட என் கை வரவில்லை.

பச்சையானால் என்ன அர்த்தம்

டைகுரோமேட் சோதனையில் வருடா வருடம் யாராவது வழுக்குவதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முதன்மை ஆல்கஹாலிலிருந்து (பென்சைல் ஆல்கஹால் அந்த வகை) இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் கிடைப்பது ஆல்டிஹைடு. லீபிக் 1835இல் அந்தப் பெயரைக் கட்டியதே ‘ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்’ என்ற லத்தீன் தொடரைச் சுருக்கித்தான். ஆல்டிஹைடு இன்னும் ஒரு படி ஏறினால் கார்பாக்சிலிக் அமிலம். டைகுரோமேட் போன்ற வலுவான ஆக்சிஜனேற்றி இந்த இரண்டு படியில் எங்கே நிற்பவரையும் மேலே தள்ளும். ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்த குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கிப் பச்சையாவதை மட்டும் பார்த்தால், தள்ளப்பட்டது கீழ்ப்படியா நடுப்படியா என்று தெரியாது. இரண்டாம்நிலை ஆல்கஹாலும் பச்சையாக்கும். மூன்றாம்நிலை மட்டும் ஆரஞ்சாகவே விட்டுவிடும்.

ஆனால் அதே சோதனையில் கடிகாரத்தைச் சேர்த்துக்கொண்டால் கதை மாறுகிறது. பொருளை அசிட்டோனில் கரைத்து, குரோமிக் அமிலத்தை ஒரு துளி விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். முதன்மை, இரண்டாம்நிலை ஆல்கஹால்கள் இரண்டு மூன்று வினாடியில் மாறிவிடும். அலிபாட்டிக் ஆல்டிஹைடுக்குப் பதினைந்து வினாடியாவது ஆகும், அரோமேட்டிக் ஆல்டிஹைடு அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம்வரை இழுக்கும். எங்கள் 7ஆம் எண் பாட்டிலில் நான் ‘இரண்டு’ எண்ணி முடிப்பதற்குள் நீலப்பச்சை. பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால் என்பதற்கு அன்று கிடைத்த முதல் தடயம் இது. மாணவரும் இதையே பார்த்திருப்பார். வினாடியை எழுதியிருந்தால் அவருடைய இரண்டாவது கால் உறுதியாக நின்றிருக்கும். (ஆறாம் நிலைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வண்ணம் அழகாக மாறுகிறது என்பதற்காக ஐந்து முறை செய்து பார்க்கும் வழக்கத்தை எங்கள் ஆய்வகத்தில் நிறுத்தியாயிற்று.)

பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது

ஒரு சோதனையின் முடிவைத் தனியாகப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதனால் நான்கு குழாய் எடுத்தேன். ஒன்றில் அன்றே சீல் உடைத்த புதிய பென்சைல் ஆல்கஹால். ஒன்றில் பென்சால்டிஹைடு, அதையும் அப்படியே நம்ப முடியாது, நின்ற பென்சால்டிஹைடில் பென்சாயிக் அமிலம் இருக்கும், ஆகவே சோடியம் கார்பனேட்டால் கழுவிக் காய்ச்சி வடித்தது. மூன்றாவதில் எங்கள் பாட்டில். நான்காவதில் ஒன்றுமில்லை, கரைப்பான் மட்டும்.

நான்கிலும் டி.என்.பி. விட்டேன். பென்சால்டிஹைடு குழாயில் துளி விழுந்த இடத்திலேயே கெட்டியான ஆரஞ்சுக் கூழ் திரண்டது. குழாயைச் சாய்த்தாலும் நகரவில்லை. கரைப்பான் குழாய் தெளிவாகவே இருந்தது. புதிய ஆல்கஹால் பத்து நிமிடம்வரை தெளிவு. எங்கள் பாட்டிலின் குழாய் முதலில் கலங்கியது, அரை நிமிடத்தில் நுண்ணிய ஆரஞ்சுத் தூள், ஐந்து நிமிடத்தில் அடியில் ஒரு விரல்நகக் கனத்துக்குப் படிந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் வளரவில்லை.

மாணவி இதைப் பார்த்து ‘வீழ்படிவு வந்தது’ என்று எழுதியதில் பிழையே இல்லை. பென்சால்டிஹைடின் கூழைப் பக்கத்தில் பார்த்திருந்தால் ‘இவ்வளவுதானா?’ என்று அவருக்கே தோன்றியிருக்கும். அந்தக் குழாயை அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

செரிக் அம்மோனியம் நைட்ரேட்டை டையாக்சேனில் கரைத்த மாதிரிகளில் சேர்த்தேன். புதிய ஆல்கஹாலும் எங்கள் பாட்டிலும் ஒரே மாதிரிச் சிவந்தன, பென்சால்டிஹைடு மஞ்சளாகவே நின்றது. ஒரு சிறு விஷயம். அந்தச் சிவப்பு நிலைக்காது. செரிக் அயனியே ஆக்சிஜனேற்றி என்பதால், நின்றாலோ சூடாக்கினாலோ பென்சைல் ஆல்கஹாலை அது பென்சால்டிஹைடாக மாற்றத் தொடங்கி, நிறம் வெளுத்துப்போகும். செரிக் சோதனை முடிந்த குழாயிலேயே சோம்பல்பட்டு டி.என்.பி.யை ஊற்றினால் ஆல்டிஹைடு வந்தே தீரும். ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குழாய் என்று பல்லவி பாடுவது இதற்குத்தான்.

டி.என்.பி.யின் மீதும் ஒரு சந்தேகம் வைக்க வேண்டியிருந்தது. பென்சைல், அல்லைல் வகை ஆல்கஹால்கள் சில அந்த வினைபொருளிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து போலி வீழ்படிவு தரும் என்பது அறிந்ததே. எங்கள் வீழ்படிவும் அப்படியோ? புதிய ஆல்கஹால் பத்து நிமிடம் தெளிவாக நின்றதால் அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. ஆல்டிஹைடு பாட்டிலுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

ஒரு மில்லிகிராமுக்கு எவ்வளவு ஆடி

எனக்கு அதிக வியப்பைத் தந்தது டாலன்ஸ். டி.என்.பி.யில் தூள் குறைவாக வந்தது சரி. மாணவியின் குழாயில் வெள்ளி ஆடி எப்படி வந்தது? அவர் கழுவாமல் வைத்துவிட்டுப் போன குழாயை எடுத்துப் பார்த்தேன். அடியிலிருந்து சுமார் இரண்டு விரல் உயரத்துக்குப் பளபளப்பு. மேல் விளிம்பு மட்டும் புகைபோல் மங்கல்.

முதலில் எவ்வளவு ஆல்டிஹைடு இருந்தது என்று தெரிய வேண்டும். பாட்டிலிலிருந்து 2.00 கிராம் எடுத்து, டி.என்.பி.யை மிகுதியாகச் சேர்த்து, வீழ்படிவை வடிகட்டிக் கழுவி உலர்த்தி நிறுத்தேன். 0.11 கிராம். பென்சால்டிஹைடின் மூலக்கூறு நிறை 106, அது டி.என்.பி.யோடு சேர்ந்து தரும் வீழ்படிவான ஹைட்ரசோனுக்கு 286. கணக்குப் போட்டால் பென்சால்டிஹைடு 0.04 கிராம், அதாவது நூற்றுக்குச் சுமார் 2 பங்கு. மீதியில் பெரும்பாலும் சீட்டு சொன்ன ஆல்கஹால்தான்.

இனி ஒரு துளி. மில்லிலிட்டருக்கு இருபது துளி என்று வைத்தால் ஒரு துளி சுமார் 50 மில்லிகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு, 1 மில்லிகிராம் பென்சால்டிஹைடு. ஒரு ஆல்டிஹைடு மூலக்கூறு இரண்டு வெள்ளி அயனியை ஒடுக்கும். வெள்ளியின் அணு நிறை 108 என்பதால் கிடைக்கும் வெள்ளி 2 மில்லிகிராம். குழாயின் உள்சுவரில் பத்துச் சதுர சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். வெள்ளியின் அடர்த்தி 10.5, இரண்டு மில்லிகிராமை அந்தப் பரப்பில் சீராகப் பூசினால் கனம் சுமார் 0.2 மைக்ரோமீட்டர். முகம் பார்க்க அதில் பாதி போதும். ஆக நூற்றுக்கு இரண்டு பங்கு அசுத்தம், ஒரே துளியில், புத்தகப் படத்தில் இருப்பதுபோன்ற ஆடியைத் தந்துவிடும். ‘வெள்ளி ஆடி வந்தது’ என்பதிலிருந்து ‘இந்தப் பொருள் ஆல்டிஹைடு’ என்று தாவும்போது நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கிறது என்று அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. பல வருடமாக இதைக் கற்பித்துக்கொண்டிருக்கிறேன்.

டாலன்ஸ் வினைபொருளைத் தயாரித்த விதத்திலும் மாணவியைக் குறை சொல்ல இடமில்லை. குழாயைச் சோடியம் ஹைட்ராக்சைடால் கொழுப்புப் போகக் கழுவி, வெள்ளி நைட்ரேட்டில் காரம் சேர்த்து, வந்த பழுப்பு வீழ்படிவு கரையும்வரை மட்டும் அம்மோனியா விட்டிருக்கிறார். அம்மோனியா கூடிவிட்டால் சோதனையின் கூர்மை மழுங்கும். ஆனால் மீந்த வினைபொருளைக் குழாயிலேயே விட்டுவிட்டுப் போனது தவறு. நின்றால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மங்கள் படியும். வேலை முடிந்த கையோடு நீர்த்த அமிலம் விட்டு அழித்துவிட வேண்டும். இதற்கு மட்டும் அவரைக் கூப்பிட்டுக் கடிந்தேன்.

ஷிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக்கினாலும் காரம் பட்டாலும் கந்தக டைஆக்சைடு கழன்றுபோய்த் தானே சிவக்கும் வினைபொருள் அது. பழைய ஷிப் புட்டியை நம்பி நான் எதையும் தீர்மானிப்பதில்லை.

பிரித்தெடுத்தல்

இவ்வளவு தெரிந்த பிறகும் ‘கலவை’ என்று சொல்ல இரண்டையும் தனித்தனியே கையில் எடுத்துக் காட்ட வேண்டும். ஆல்டிஹைடைப் பிடிக்கச் சோடியம் பைசல்பைட்டைவிட எளிய கண்ணி இல்லை. பாட்டிலிலிருந்து 20 மில்லிலிட்டரைப் பிரிபுனலில் எடுத்து, செறிவூட்டிய பைசல்பைட் கரைசலோடு நன்றாகக் குலுக்கினேன். சில நிமிடத்தில் இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் மினுங்கும் வெண்தகடுகள் மிதந்தன. வடிகட்டி, படிகத்தைச் சோடியம் கார்பனேட் கரைசலில் போட்டதும் அதே பாதாம் வாசனை, இம்முறை மூக்கைத் துளைக்கும் அளவுக்கு. அதிலிருந்து செய்த ஹைட்ரசோனை எத்தில் அசிட்டேட்டில் மறுபடிகமாக்கி உருகுநிலை பார்த்தேன். 236–237 டிகிரி. பென்சால்டிஹைடுக்குப் புத்தகம் சொல்வது 237.

மீந்த எண்ணெயை நீரில் கழுவி உலர்த்தினேன். அதில் டி.என்.பி. தெளிவாக நின்றது, டாலன்ஸ் ஆடி காட்டவில்லை, செரிக் நைட்ரேட் சிவந்தது, குரோமிக் அமிலம் இரண்டு வினாடியில் பச்சையானது. 3,5-டைநைட்ரோபென்சாயில் குளோரைடோடு சேர்த்துக் கிடைத்த எஸ்டர் 112–113 டிகிரியில் உருகியது. பென்சைல் ஆல்கஹாலின் எஸ்டருக்கு உரியது 113.

அகச்சிவப்புக் கருவி கையில் இருப்பவர்கள் இந்த வேலை முழுவதையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்: 3300 செ.மீ⁻¹ அருகே அகலமான ஹைட்ராக்சில் பட்டை, 1700இல் சிறிய கார்பனைல் முனை. நானும் கடைசியில் அதை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன். ஆனால் அன்று பிரிபுனலில் வெண்தகடு மிதந்ததைப் பார்க்கத் தேர்வெழுதிய இருவரையும் கூப்பிட்டிருந்தேன். வரைபடத்துக்கு அந்த ஈர்ப்பு கிடையாது.

பாட்டிலுக்கு என்ன ஆயிற்று

இருப்புப் பதிவேட்டின்படி பாட்டில் திறக்கப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல். கால் பங்கு திரவம், முக்கால் பங்கு காற்று. நிறமற்ற கண்ணாடி. வைத்திருந்த அலமாரி ஜன்னலை ஒட்டியது. பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனுக்கும் அதன் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு வலுக் குறைந்தது. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தனியுறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துணுக்கு) வழியில் மெல்ல ஆக்சிஜனேற்றம் நடக்கும். பென்சைல் ஆல்கஹாலை மருந்துகளில் பதப்பொருளாகப் பயன்படுத்துவதால் மருந்துத் தரநூல்கள் அதில் பென்சால்டிஹைடுக்கு உச்சவரம்பு வைத்துச் சோதிக்கின்றன. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு அல்ல இது.

எனக்குப் புதிராக இருந்தது வேறொன்று. காற்றில் வைத்த பென்சால்டிஹைடு பென்சாயிக் அமிலமாவதை வோலரும் லீபிக்கும் 1832இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தில் வெண்பொருக்கு எப்போதும் ஒட்டியிருக்கும். அப்படியானால் இந்தப் பாட்டிலில் உண்டான ஆல்டிஹைடு மூன்று வருடமாக ஏன் அமிலமாகாமல் தங்கியது? பைகார்பனேட்டில் துளிகூட நுரைக்கவில்லையே?

இதற்கு விடை 2014இல் வெளியான ஒரு ஆய்வில் இருக்கிறது. பென்சால்டிஹைடு அமிலமாவது ஒரு சங்கிலி வினை. அதை முன்னே இழுத்துச் செல்வது பெராக்சி தனியுறுப்பு. பக்கத்தில் பென்சைல் ஆல்கஹால் இருந்தால் அது தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தத் தனியுறுப்பை வழிமறித்துவிடுகிறது, சங்கிலி அறுந்துபோகிறது. சிறிதளவு ஆல்கஹாலே இதைச் செய்யும் என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆல்கஹால் இருக்கும் பாட்டிலில் ஆல்டிஹைடு பத்திரமாக உட்கார்ந்திருந்ததில் ஆச்சரியமில்லை. மாணவியின் முதல் சோதனையில் அமிலம் தென்படாததும் இதனால்தான். அமிலம் கொஞ்சம் தென்பட்டிருந்தால் ‘ஏதோ கெட்டுப்போன பொருள்’ என்று அவரோ நானோ சந்தேகப்பட்டிருப்போம்.

பிறகு

மதிப்பெண்ணை இப்படி முடித்தோம். மாணவிக்குச் சோதனை, கவனிப்பு இரண்டுக்கும் முழுமையாக. ஆல்கஹால் சோதனைகளைச் செய்யாததற்காக மட்டும் ஒரு மதிப்பெண் குறைப்பு. மாணவருக்கு விடைக்கான மதிப்பெண் உண்டு. பெலிங்கை வைத்து எழுதிய அந்த ‘ஆகவே’வுக்குக் கிடையாது. இருவரும் ஒரே எண்ணில் வந்து நின்றார்கள். மாணவருக்கு வருத்தம். ‘சார், என் விடை சரிதானே?’ என்று இரண்டு முறை கேட்டார். சரிதான் என்றேன் இரண்டு முறையும். அவருடைய நான்கு சோதனையையும் சுத்தமான பென்சால்டிஹைடில் செய்து பார்க்கச் சொல்லி ஒரு குப்பி கொடுத்தேன். சோடியத்துக்கு உலர்த்தாத குழாயைத்தான் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குமிழி வந்தது. டைகுரோமேட் பச்சையானது, பெலிங் நீலமாகவே நின்றது. செரிக் நைட்ரேட்டை மட்டும் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், மஞ்சள்.

கவனிப்புத் தாளில் ‘நிறம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எத்தனை வினாடியில்’, ‘எவ்வளவு’ என்று இரண்டு கட்டம் கூட்டியிருக்கிறோம். தேர்வுப் பொருளைக் குப்பியில் ஊற்றும் முன் முந்தின நாளே டி.என்.பி.யும் செரிக்கும் நானே பார்த்துவிடுகிறேன். புதிய பென்சைல் ஆல்கஹால் பழுப்புக் கண்ணாடியில், சிறிய பாட்டில்களில், கழுத்துவரை நிரப்பி உள் அலமாரிக்குப் போயிற்று. பழைய பாட்டிலைக் கொட்டவில்லை. சீட்டை மாற்றி ‘7 – கலவை, பிரித்துக் காட்டுக’ என்று எழுதி அதே ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த அணிக்கு அதைத்தான் கொடுப்பதாக இருக்கிறேன். அதற்குள் ஆல்டிஹைடு நூற்றுக்கு மூன்று பங்காகியிருந்தாலும் பரவாயில்லை.